இன்கமிங் இலவசம்

கோட்டைச்சாமி மூன்றாவது நாளாக அதே கடைக்கு வந்து நின்றதும், ஹரிஷ்குமார் எழுந்து ஒரு ஸ்டூலை எடுத்துப் போட்டான். இது நின்றுகொண்டு பேசி முடிகிற விஷயம் இல்லை என்று அவனுக்கும் புரிந்துவிட்டது.

விருதுநகர் பஜாரில் செல்போன் விற்கிற கடை அது. வெளிநாடு போகிறவர்களுக்கு சிம் கார்டும் கொடுப்பார்கள். வருஷத்தில் நாலைந்து மிளகாய் வியாபாரிகள் வருவார்கள், விலை கேட்பார்கள், வாங்கிக்கொண்டு போவார்கள். கோட்டைச்சாமி அந்த ரகம் இல்லை. சிவகாசிப் பக்கம் ஒரு வெடி ஆலையில் இருபத்து மூன்று வருஷமாக வேலை, இப்போது போர்மேன். கலவையில் ஒரு பிடி கூடினால் என்ன ஆகும் என்று கண்ணால் பார்த்தவர். எதையும் நிறுத்துப் பார்க்காமல் தொடமாட்டார்.

2007 பிப்ரவரியில் அவருடைய முதலாளி மாரிசாமி அவரைச் சீனாவுக்கு அனுப்ப முடிவு செய்தார். அங்கே திரி வெட்டுகிற மெஷினை எட்டு நாள் ஓட்டிப் பழகி வரவேண்டும். பழகி வந்தால் புது ஷெட் முழுக்க கோட்டைச்சாமி பொறுப்பு. அவர் போகாவிட்டால் காளிராஜ் போவான். அவன் பாஸ்போர்ட்டை எடுத்து, அதற்கு உறையும் போட்டு வைத்திருந்தான்.

ஆனால் மகள் சினேகா தலைப்பிரசவத்துக்கு ஆமத்தூர் வீட்டுக்கு வந்திருந்தாள். டாக்டரம்மா குறித்துக் கொடுத்த தேதி அந்த எட்டு நாளுக்கு நட்டநடுவில் விழுந்தது.

சினேகா பிறந்தபோது கோட்டைச்சாமி ஆலை லாரியோடு போய் நாக்பூரில் லோடு இறக்கிக்கொண்டிருந்தார். மகள் பிறந்ததைப் பன்னிரண்டாம் நாள் ஒரு தபால் கார்டில் படித்தார். அவர் மனைவி வள்ளித்தாய் இந்த இருபத்திரண்டு வருஷத்தில் அதை ஒருமுறைகூடக் கோபமாகச் சொன்னதில்லை. வீட்டுக்கு ஆள் வந்தால் சிரித்துக்கொண்டே சொல்வாள். அந்தச் சிரிப்பைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. இந்த முறை பிள்ளை அழுகிற நிமிஷத்திலேயே சேதி காதில் விழுந்தாக வேண்டும். புறப்படுமுன் வலி எடுத்தால் போவதில்லை என்றும் முடிவு கட்டியிருந்தார்.

"மெட்ராசு வரைக்கும் போயிருந்தாலும் திரும்பிருவேன். மெஷினாவது மண்ணாவது" என்று வீட்டில் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தார்.

கடையில் கேட்டதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டார். ஒரு பக்கம் சாயம் தப்பிப்போன மத்தாப்பு லேபிள், மறுபக்கம் வெள்ளை. வெடிமருந்து அளவு எழுதுகிற மாதிரியே மூன்று கட்டம் போட்டார். முதலாவது, இப்போது இருக்கிற நம்பரையே அங்கே கொண்டுபோவது. வருகிற போனை எடுத்தால் நிமிஷத்துக்கு எழுபத்தைந்து ரூபாய், முன்பணம் தனி. இரண்டாவது, சீனாக்காரன் சிம்மை வாடகைக்கு எடுப்பது. எட்டு நாள் வைத்திருந்தாலும் பத்து நாள் வாடகை உண்டு. தொலைத்தால் அபராதம், தொலைக்காவிட்டாலும் ஏதோ ஒரு கட்டணம். அது என்ன என்று ஹரிஷ்குமாருக்கே விளங்கவில்லை. மூன்றாவது, அறுபது நாட்டில் வேலை செய்கிற பயண சிம். அதன் நம்பர் எங்கோ ஐரோப்பாவில் இருக்கிற ஒரு குட்டி நாட்டு நம்பர். ஆனால் சீனாவில் வருகிற போன் அத்தனையும் இலவசம்.

இலவசம் என்ற சொல்லுக்கு அடியில் கோட்டைச்சாமி இரண்டு கோடு போட்டார். மூன்றாவதை வாங்கினார்.

வள்ளித்தாய் தாளை வாங்கிப் பார்த்தாள். அவளுக்கு எழுத்து அவ்வளவாக வராது. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"உங்களுக்கு இலவசம், சரி. கூப்பிடுற எங்களுக்கு எம்புட்டு?"

மறுநாள் அவர் நாலாவது தடவையாக விருதுநகருக்கு பஸ் ஏறினார். அந்தக் குட்டி நாட்டுக்கு இங்கிருந்து பேசினால் நிமிஷத்துக்கு அறுபத்திரண்டு ரூபாய் என்றான் ஹரிஷ்குமார். வள்ளித்தாயின் செல்லில் வெளிநாட்டுக்குப் பேசவும் முடியாது. விற்ற சிம்மைத் திரும்ப வாங்குவதில்லை என்று கடைச் சுவரில் எழுதியிருந்தது. ஸ்டூல் போட்டு உட்காரவைத்த கடை என்பதால் கோட்டைச்சாமி அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

ஆமத்தூர் பஸ் நிறுத்தத்தில் செல்லக்கனி போன் பூத் வைத்திருந்தாள். வெளிநாட்டுக்கும் பேசலாம். வீட்டுக்காரரை இழந்தபின் அந்த மஞ்சள் பெட்டியை வைத்தே பிழைப்பு நடத்துகிறவள். எதிரில் இருப்பவர் போனை எடுக்காவிட்டால் மீட்டர் ஓடாது என்று அவள்தான் விளக்கினாள். அதைக் கேட்டதும் கோட்டைச்சாமிக்கு வழி பிறந்துவிட்டது. ஊரில் எல்லாரும் செய்வதுதான், மிஸ்டு கால். தினமும் சாயங்காலம் நாலு மணிக்குச் செல்லக்கனி அந்த நம்பருக்கு அடிக்க வேண்டும். ஒரு மணி அடித்து வைத்தால் இன்னும் ஒன்றும் ஆகவில்லை, எல்லாரும் சுகம். வலி எடுத்தால் நேரம் பார்க்காமல் உடனே இரண்டு மணி. பிள்ளை பிறந்துவிட்டால் மூன்று மணி. பதிலுக்கு அவர் வள்ளித்தாயின் செல்லுக்கு ஒரு மணி அடிப்பார், சேதி கிடைத்தது என்று அர்த்தம். யாருக்கும் ஒரு பைசா கிடையாது.

ஒத்திகை பார்க்காமல் அவர் எதையும் செய்தது கிடையாது. புது சிம்மைப் போட்டுக்கொண்டு பூத்துக்கு எதிரே வேப்பமரத்தடியில் நின்றார். செல்லக்கனி அடித்தாள். மணி அடித்தது. இருபத்து மூன்று வருஷமாக ஆலையில் மணி அடித்தால் ஓடுகிற மனுஷன், பாவம், எடுத்து "அலோ" என்றார்.

"எதுக்குண்ணே எடுத்தீக?" என்றாள் அவள் போனுக்குள்.

"தெரியாம எடுத்துட்டேன் தாயி. இப்ப என்ன செய்ய?"

"வைங்கண்ணே."

"வச்சா, நான் பேசுனது உனக்குக் கேட்டுச்சான்னு எப்படித் தெரியும்?"

தெருவுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே, இரண்டு நிமிஷம் ஐரோப்பா வழியாகப் பேசிவிட்டார்கள். பூத்துக்கு நூற்று இருபத்து நாலு ரூபாய். இலவச நாடுகளில் இந்தியா இல்லை என்பதால், சிம்மில் இருந்த பணத்திலும் பாதிக்கு மேல் போயிற்று. மிச்சம் சீனாவிலிருந்து ஒரு நிமிஷமோ ஒன்றரை நிமிஷமோ பேசக் காணும்.

அதற்குப் பிறகு அவர் ஒரு சட்டம் போட்டார். அவருடைய அந்த நீளமான வெளிநாட்டு நம்பரிலிருந்து மணி அடித்தால், என்ன ஆனாலும், எத்தனை தடவை அடித்தாலும், யாரும் எடுக்கக் கூடாது. அக்கம்பக்கத்தில் செல் வைத்திருந்த நாலு வீட்டுக்கும் நேரில் போய்ச் சொன்னார். அதில் முத்துமாரியம்மாள் வீட்டில் பயந்துபோய் செல்லை அணைத்தே வைத்துவிட்டார்கள்.

ரயிலேறுகிற அன்று சினேகாவும் விருதுநகர் ஸ்டேஷன் வரை வந்தாள். அவளை நிற்கவைத்து ஒரு மணி, இரண்டு மணி, மூன்று மணி என்று மறுபடி ஒப்பிக்கச் சொன்னார். பிளாட்பாரத் தூணைப் பிடித்துக்கொண்டு பிழையில்லாமல் ஒப்பித்தாள். "சரிப்பா, ஏறுங்க. சீக்கிரம் ஏறுங்க" என்றாள். மகளுக்குத் தன்மேல் இவ்வளவு அக்கறையா என்று அவருக்குக் கண் கலங்கியது.

மெட்ராசிலிருந்து விமானம் ஏறுமுன் பழைய நம்பரில் வீட்டுக்குப் பேசினார். சினேகா அசந்து தூங்குகிறாள் என்றாள் வள்ளித்தாய்.

சீனாவில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. பகலில் மெஷின். வேலை முடிந்து அறைக்கு வந்தால் ஆறரை. நம்மூரில் அப்போது நாலு. மேசைமேல் செல்லை வைத்து எதிரே உட்காருவார். ஒரு மணி அடிக்கும், நிற்கும். இவரும் பதிலுக்கு ஒரு மணி அடிப்பார். பிறகுதான் சாப்பிடப் போவார். அந்த ஒற்றை மணி கேட்கும்போதெல்லாம் நெஞ்சுக்குள் ஒன்று இறங்கும், ஒன்று ஏறும். சுகம் என்று இறங்கும். இன்னும் இல்லையே என்று ஏறும். டாக்டரம்மா சொன்ன தேதி வந்தது. தாண்டியும் போனது.

ஆறாம் நாள் ஒரு மணி அடித்தது. நிற்கவில்லை. இரண்டு. மூன்று. அவர் எழுந்து நின்றுவிட்டார்.

நாலாவதும் அடித்தது.

நாலுக்கு அவர் எதையும் குறித்து வைத்திருக்கவில்லை. இருபத்து மூன்று வருஷத்தில் ஆலையில் எதிர்பாராமல் அடித்த மணி எதுவும் நல்ல சேதி சொன்னதில்லை. மூன்று மணி பிள்ளை என்றால், அதற்குமேல் ஒரு மணி எதற்கு? தாய்க்கு ஏதாவது? சேதி தனக்கு வரவேண்டும், வரவேண்டும் என்று இரண்டு வாரம் அலைந்தவர், இப்போது அது வந்துவிட்டதே என்று நடுங்கினார்.

வீட்டுக்கு அடித்தார். முழு மணியும் அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தார். ஆமத்தூரில் வள்ளித்தாய் அலமாரியில் இருந்த செல்லைக் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னைக்கு உங்க அப்பாவுக்குக் கை தாராளமா இருக்கு" என்றாள் சினேகாவிடம். சட்டம் சட்டம்தான். யாரும் தொடவில்லை. மூன்றாவது தடவை அடித்தபோது, கை தவறி யாராவது எடுத்துவிட்டால் பணம் போய்விடும் என்று பயந்து செல்லை ஒரு துண்டில் சுற்றி வைத்தாள்.

பக்கத்து வீடுகளுக்கு அடித்தார். மூன்று வீட்டில் யாரும் எடுக்கவில்லை. நாலாவது அணைந்து கிடந்தது. உலகத்தில் அவர் ஒருவர் சொன்ன பேச்சை ஓர் ஊரே மீறாமல் கேட்டது அன்றைக்குத்தான்.

கடைசியில் பூத் நம்பர் ஞாபகம் வந்தது. அந்தப் போனில் யார் கூப்பிடுகிறார்கள் என்று காட்டாது. அவளும் பிழைப்புக்காரி, மணி அடித்தால் எடுத்துவிடுவாள். ஒன்றரை நிமிஷப் பணத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அடித்தார்.

"ஆமத்தூர் பூத்து, யாருங்க?"

"தாயி, நாலு மணி அடிச்சுச்சே. எம்மகளுக்கு என்னாச்சு? எதுனாலும் சொல்லு, நான் தாங்கிக்கிடுவேன்."

"நாலா அடிச்சுச்சு?" செல்லக்கனி கொஞ்சம் யோசித்தாள். "ஒரு ஆளு சில்லறை கேட்டு வந்தாருண்ணே. அதைப் பாத்துக்கிட்டு வைக்க மறந்துட்டேன். உங்க மக நல்லாத்தான் இருக்கு, இப்பத்தான் கறிக்குழம்பு கேட்டுச்சுன்னு மதினி மல்லி வாங்கிட்டுப் போறாக."

கோட்டைச்சாமி அப்படியே கட்டிலில் உட்கார்ந்தார். பணம் கரைந்துகொண்டிருந்தது, அவர் அதைப் பார்க்கவில்லை.

"அப்போ இன்னும் பிரசவம் ஆகலை. நான் வாரதுக்குள்ள ஆகுமா தாயி?"

அந்தப் பக்கம் ஒரு பஸ் வந்து நின்று கிளம்பிப் போகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு செல்லக்கனி, சொல்லிவிடுவது என்று முடிவு செய்தவளாக, மெதுவாகச் சொன்னாள்:

"அண்ணே, உங்களை ரயிலேத்திவிட்ட கையோட சினேகா நேரா ஆஸ்பத்திரிக்குப் போயிருச்சு, அன்னைக்கு ராத்திரியே உங்களுக்குப் பேத்தி பிறந்தாச்சு, தெரிஞ்சா மெட்ராசுல இருந்தே திரும்பிருவீக, சீனாவுல இருந்தாலும் மெஷினை விட்டுட்டு ஓடியாந்துருவீகன்னு அதுதான் என்னைய தினமும் ஒத்த மணி அடிக்கச் சொல்லுச்சு."