ஊசியா, மயக்கமா?

"முதுகுல ஊசி போட்டா நெஞ்சுக்குக் கீழ மரத்துப்போகும். ஆனா முழிச்சிருப்பீங்க. மயக்க மருந்து குடுத்தா ஒண்ணுமே தெரியாது. பித்தப்பைக் கல்லுக்குத் தூங்குறதுதான் நல்லது" என்றார் டாக்டர்.

"ஊசியே போடுங்க" என்றார் கணேசமூர்த்தி.

பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் தொழிற்சங்கத் தலைவர் அவர். வீரத்தில் சொன்னாரென்று யாரும் நினைத்துவிட வேண்டாம். முந்தின நாள் இதே ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் முடிந்து மயக்கம் தெளிகையில், மாமியாருடைய சேவலைக் குழம்பு வைத்தது தான்தான் என்று அவர் தோட்டத்து வேலாயி வார்டு முழுக்கக் கேட்கும்படி உளறியிருந்தாள். தலைவரிடம் இருந்ததோ சேவலைவிடப் பெரிய சங்கதி. ஒவ்வொரு வேலைநிறுத்தத்தையும் தோட்டத்து ஆபீஸ் பெரிய கிளாக்கர் கந்தப்பன் வழியாகத் தோட்டத்தை நடத்தும் துரைக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிற புண்ணியவான் இவர்தான். அது தெரிந்தால் பதவி மட்டுமல்ல, முதுகுத் தோலும் மிஞ்சாது.

"வயித்துக்குள்ள பிடிச்சு இழுக்கிறது தெரியும். பயமா இருக்கும்" என்றார் டாக்டர்.

"பயமா? எனக்கா?"

இதை மெதுவாகச் சொல்லியிருக்கலாம். பெரிய மனுஷர்களுக்கு அது வராதே! வார்டில் வேலை பார்க்கும் அழகுமுத்து அதை அப்படியே தோட்டத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தான். தலைவர் முழித்துக்கொண்டே வயிற்றைக் கிழித்துக்கொள்ளப் போகிறாராம்! மறுநாள் மூன்று லயத்து வரிசைவீட்டுச் சனம் மாலையோடு பஸ் பிடித்து வந்துவிட்டது.

கூட்டத்தைக் கண்டதும் தலைவருக்கு வேர்த்துக் கொட்டியது. பயத்தில் வாய் தவறிவிட்டால்?

"டாக்டர் ஐயா, வாயக் கட்டிவிட்டுருங்க."

டாக்டர் சிரித்துக்கொண்டே துணியால் கட்டிவிட்டார். வெளியே, "வலிக்குதுன்னு ஒரு சத்தம் வரக்கூடாதாம்! மனுஷனா இவரு!" என்று சனம் கண்ணீர் விட்டது.

உள்ளே இழுத்த இழுப்பில் தலைவருக்கு உயிர் தொண்டைக்கு வந்தது. கட்டு இருந்ததால் ஒரு வார்த்தை வெளியே வரவில்லை. வேலை முடிந்து, வாய்க்கட்டை அவிழ்த்து வார்டில் படுக்க வைத்தபோது கால் இரண்டும் இன்னும் மரத்துத்தான் கிடந்தன. தப்பித்தோம் என்று தலையை மட்டும் திருப்பினார். சனம் எதிர்ச் சுவரோரக் கட்டிலைச் சுற்றி நின்றது. ஒவ்வொருவராகத் திரும்பி அவரையே முறைத்தார்கள். மாலை தரையில் கிடந்தது.

"அழகுமுத்து, ஏன்ப்பா இப்படிப் பாக்குறாங்க? நான் ஏதாச்சும் உளறிட்டேனா?"

"நீங்க ஒரு வார்த்த பேசலீங்க தலைவரே. நீங்க வேணாம்னு விட்ட மயக்க மருந்தைக் குடல்வாலுக்கு வந்த பெரிய கிளாக்கர் ஐயாவுக்குக் குடுத்தாங்க. அவருக்குத்தான் இப்பத் தெளிஞ்சுக்கிட்டு இருக்குது."