சாரங்கன் கச்சேரிக்குக் கிடைத்த கைதட்டல்

வாய் கிடையாது, பேசும். பொய் சொல்லத் தெரியாது. விலை மட்டும் அதிகம். அது என்ன? கண்ணாடி என்று சொன்னவர்களுக்குப் பாதி மதிப்பெண். விடை: நல்ல ஸ்பீக்கர்.

ஒரு காட்டில் சாரங்கன் என்ற கழுதை இருந்தது. அது பள்ளிக்கூடத்தில் பாட்டு வாத்தியார். அதன் மகள் தேனு அதே பள்ளியில் படித்தது. ஒரு நாள் பிள்ளைகளுக்குப் படிவம் கொடுத்தார்கள். சேர விரும்பும் வகுப்பு: பாட்டா, சமையலா? பாட்டுக்கு இதுவரை ஒருவரும் பெயர் கொடுக்கவில்லை. தேனுவும் சேராவிட்டால் வகுப்பை மூடிவிடுவார்கள். சாரங்கன் மறுபடி பொதி சுமக்கப் போக வேண்டும்.

சாரங்கனிடம் அதன் அரங்கேற்றக் கச்சேரியின் கேசட் ஒன்று இருந்தது. பழைய டேப் ரிக்கார்டரில் போட்டால் பாட்டு மங்கலாகக் கேட்கும்; கூடவே 'சோ'வென்று ஓர் ஓசையும் கேட்கும். அதுதான் கைதட்டல் என்று சாரங்கன் எல்லோரிடமும் சொல்லி வந்தது. அதைத் தெளிவாகக் கேட்டால் மகள் பாட்டில் சேரும் என்று நினைத்து, பெரிய ஸ்டீரியோ செட் ஒன்றை வாங்கியது.

கடைக்கார நரியே வந்து செட்டை மாட்டிக் கொடுத்தது. கேசட் ஓடியது. சாரங்கனின் குரல் எங்கோ தூரத்தில் கேட்டது. கைதட்டல் மிகப் பக்கத்தில் கேட்டது.

"சொர்ர்ர்..."

"வாழைக்காயை இன்னும் மெல்லிசா சீவுடி. பஜ்ஜி உள்ளே வேகலை பாரு" என்றது ஸ்பீக்கருக்குள் ஒரு கரடியம்மா.

"அந்தக் கத்தல் எப்போ நிக்கும் அக்கா?" என்றது இன்னொரு குரல்.

"அப்பா, இது கைதட்டல் இல்ல. எண்ணெயில பஜ்ஜி பொரியுற சத்தம்" என்றது தேனு.

சாரங்கன், கச்சேரியைப் பதிவு செய்த முயலுக்குப் போன் போட்டது.

"மைக்கை எங்கேய்யா வெச்சே?"

"சமையல்கட்டுலதான் அண்ணே. பிளக் பாயின்ட் அங்கே மட்டும்தானே இருந்துச்சு?"

சாரங்கன் நரியிடம் திரும்பியது. "இந்த செட்டு சரியில்லை. வேற கொடு."

"செட்டு மேல குத்தம் இல்லீங்க வாத்தியாரே. உள்ளே பதிஞ்சதைத்தான் அது வெளியே விடும். மட்டமான செட்டுன்னா எல்லாத்தையும் மறைச்சிருக்கும். நீங்கதான் உசத்தியா வேணும்னீங்க."

சாரங்கன் ஒரு கம்பளியை எடுத்து ஸ்பீக்கர்களின் மேல் போர்த்தியது. மறுபடி 'சோ'வென்று கேட்டது.

"இப்போ கேளும்மா, கைதட்டல்."

தேனு கம்பளியை விலக்கியது. கேசட்டை முதலிலிருந்து ஓடவிட்டது. மாவின் பதம் பற்றிக் கரடியம்மா சொன்னதை எல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டது. பிறகு படிவத்தில் 'சமையல்' என்ற கட்டத்தில் டிக் போட்டது.

நீதி: கலை வளர வேண்டுமானால் ஸ்பீக்கர் மட்டமாக இருக்க வேண்டும்.