பென்சில்வேனியா போய்வந்த புளியோதரை

எனக்குத் திசை தெரியாது. இதை ஒப்புக்கொள்ள நாற்பது பெண்களைப் பட்டினி போட வேண்டியிருந்தது.

தொண்ணூற்றேழில் நியூ ஜெர்சியின் மான்மவுத் ஜங்ஷனில் குடியிருந்தோம். லைசென்ஸ் வாங்கி ஐந்து வாரம். எடிசனில் தமிழ்ச் சங்க மகளிர் கூட்டத்தில் பேச என்னை அழைத்திருந்தார்கள். அமெரிக்கா வந்ததிலிருந்து 'ரவியோட வைஃப்' ஆகவே இருந்தவளுக்கு முதல் மேடை. ஒட்டகத்தில் அரேபியப் பாலைவனத்தைச் சுற்றி, வரைபடம் போட்டு, ஆங்கிலேய அரசின் அரசியல் அதிகாரியாகவும் ஆன ஒரு பெண்மணியின் வாழ்க்கைதான் தலைப்பு. லைப்ரரி புத்தகங்களைப் படித்துப் படித்து நானே பாதி ஒட்டகம் ஏறியிருந்தேன்.

ரவி வழி எழுதிய தாளை நீட்டினார்.

"பாலைவனத்துல தனியா போனவங்களப் பத்திப் பேசப் போறேன். எனக்குப் போய் டைரக்‌ஷன்ஸா?"

தாள் ஃப்ரிட்ஜ் கதவிலேயே தங்கிவிட்டது.

சங்கத் தலைவி சரோஜா ஆன்ட்டி, "நீ முன்னாடி போம்மா, இந்த ஹால் எனக்கும் புதுசு, நான் ஃபாலோ பண்றேன்" என்றார். (நம்மவர்கள் வழி கேட்பதில்லை; முன்னால் போகிற காரை நம்புவார்கள்.) என் டிக்கியில் எல்லோருக்குமான புளியோதரை, அவர் டிக்கியில் மைக்.

ஹால் இடப்பக்கம் என்பது நினைவிருந்தது. இடது லேனில் கம்பீரமாகப் போனேன். நியூ ஜெர்சியின் பெரிய சாலைகளில் இடப்பக்கம் திரும்ப வலப்பக்கம் ஒதுங்க வேண்டும் என்பது மறந்துவிட்டது. ஹால் பின்னால் போனது. எங்கேயோ சுற்றித் திரும்பி, ஹாலைத் தேடிப் போய்க்கொண்டே இருந்தேன். பதற்றம் தணியப் பேச்சை உரக்க ஒத்திகை பார்த்தேன். மணற்புயல் கட்டத்தில் ஆன்ட்டி பின்னாலிருந்து விளக்கை அடித்து அடித்துக் காட்டினார். பாவம், உற்சாகப்படுத்துகிறார் என்று கையசைத்தேன்.

ஒரு பாலம் வந்தது. தாண்டியதும் பென்சில்வேனியா வரவேற்றது. (அந்த அம்மையார் ஒரு நாட்டுக்கே எல்லை வகுத்தவர். நான் மாநில எல்லையைத் தெரியாமல் தாண்டியவள்.)

பேச்சு முழுவதையும் பின் சீட்டில் கேட்டுக்கொண்டிருந்த ஏழு வயது மகள் வித்யா கேட்டாள்: "அம்மா, டிட்ன்ட் ஷி ஹேவ் எ மேப்?"

பெட்ரோல் பங்க்கில் நிறுத்தினேன். ஆன்ட்டி இறங்கி வந்தார். எனக்கு அழுகை முட்டியது.

"முதல்ல ஒரு வாய் புளியோதரை குடு. அப்புறம் திட்டறேன்."

திரும்பி வந்தபோது ஹாலைப் பூட்டிவிட்டார்கள். பார்க்கிங் லாட்டில் நின்றவர்களுக்குக் கார் பானட்டில் வைத்துப் பரிமாறினேன். எல்லோரும் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டார்கள். பேச்சைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. அதுதான் வலித்தது.

அந்தப் பேச்சை முழுதாகக் கேட்டவள் வித்யா ஒருத்திதான். இன்றும் நான் சாவியை எடுத்தால், "அம்மா, மேப்?" என்கிறாள். ஆன்ட்டி பெரிய மனது பண்ணி ஒவ்வொரு வருடமும் பேசக் கூப்பிடுகிறார்.

"நீ எப்ப வேணா வந்து சேரும்மா. புளியோதரை மட்டும் என் கார்ல வரட்டும்."