என் மயிலின் கால்கள் எந்த வீட்டில்?

என் மயிலின் கால்களைத் திருடியவர் பங்காளி. வேறு யாருமில்லை. கோயமுத்தூரில் கம்ப்யூட்டரைத் தொட்டவர்களிலேயே இவ்வளவு பிடிவாதக்காரரை நான் பார்த்ததில்லை. பார்க்கவும் விருப்பமில்லை.

தொண்ணூறுகளின் கடைசி. பெட்ஷீட் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் நான் டிசைன் வரைபவன். பங்காளி அங்கே கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவர். நிஜப் பெயரை அவரே மறந்திருப்பார். அண்ணன் தம்பிகள் தோட்டத்தைப் பாகம் பிரிப்பதுபோல, ஒவ்வொரு டிசைனையும் துண்டு போட்டு ஆபீஸிலிருந்த எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பிரித்துக் கொடுப்பார். அதனால்தான் அந்தப் பெயர். நான் வரைந்த மயிலின் தலை அக்கவுண்ட்ஸ் அறையில். தோகை ஸ்டோரில். கழுத்து வாட்ச்மேன் ரூமில். போதாததற்கு ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு நகல், வேறொரு அறையில்.

பெரிய டிஸ்க்காக ஒன்று வாங்கித் தருகிறேன் என்று முதலாளி கெஞ்சினார். முதலாளி கெஞ்சி நான் பார்த்தது அன்றுதான். பங்காளி மசியவில்லை.

"பெருசு ஒண்ணு செத்தா எல்லாஞ் செத்துப்போகுமுங்க. சின்னதா நாலு வாங்கிக் குடுங்க."

இடம் பற்றாதபோதெல்லாம் இன்னொரு பழைய கம்ப்யூட்டர் வந்து சேரும். புதுப் பங்காளி வந்தால் பாகத்தைத் திருப்பிப் பிரிக்க வேண்டுமாம். அன்று முழுக்க எந்தக் கம்ப்யூட்டரும் நகராது. நாங்கள் டீ குடித்துக்கொண்டே அவரைத் திட்டுவோம். அவரும் வந்து எங்களோடு டீ குடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பார்.

கரண்ட்டையும் அவர் விடவில்லை. எங்கள் கட்டடத்துக்கு மூன்று பேஸில் கரண்ட். ஒரு துண்டும் அதன் நகலும் ஒரே பேஸில் இருக்கக் கூடாது. ஒரு பேஸ் போனாலும் இன்னொன்றில் மயில் உயிரோடு இருக்க வேண்டும். எந்த அறை எந்த பேஸ் என்று தெரிய, கதவுகளில் சிவப்பு, மஞ்சள், நீலப் பெயிண்ட் அடித்துவைத்தார்.

இவ்வளவு யோசித்த மனிதர் ஒன்றை யோசிக்கவில்லை. நம்மூரில் ஒரு பேஸ் போனால் யாரும் சும்மா உட்கார்ந்திருக்க மாட்டார்கள். எழுந்து போய் சுவிட்சைத் திருப்பி, உயிரோடிருக்கும் பேஸுக்கு மாறிக்கொள்வார்கள்.

பங்குனி மாதம். மறுநாள் காலை மயிலைப் பார்க்க வெளிநாட்டுப் பார்ட்டி வருகிறார். மயில் இல்லையென்றால் நீயும் இல்லை என்று முதலாளி என்னிடம் சொல்லியிருந்தார். மத்தியானம் சிவப்பு போனது. ஃபேன் நின்றதும் அக்கவுண்ட்ஸ் சரோஜாக்கா சுவிட்சை மஞ்சளுக்குத் திருப்பினார். பக்கத்து அறைக்காரர்களும் திருப்பினார்கள். பிறகு நீலமும் போனது. மிச்சமிருந்தவர்களும் திருப்பினார்கள். மொத்த ஆபீஸும் மஞ்சளில் தொங்கியது. கடைசியில் மஞ்சளும் ஒரு சத்தத்தோடு போனது. திரும்பி வந்தது தாறுமாறான வோல்டேஜ். பாதி டிஸ்க்குகள் எழுந்திருக்கவே இல்லை. துண்டும் போச்சு, நகலும் போச்சு.

பங்காளி நேராக சரோஜாக்காவிடம் போனார். "ஏனுங்கக்கா, சுவிட்சத் தொட்டீங்களா?"

"வேர்த்து ஒழுகறப்ப உங்க பெயிண்டையா பாத்துட்டு உக்காந்திருக்கச் சொல்றீங்க?"

அவர் மொபெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினார். ஓடிவிட்டார் என்றுதான் நினைத்தேன். சாயங்காலம் தோள்துண்டில் சுற்றிய டிஸ்க்கோடு வந்தார். கோழி நாற்றம் தாங்கவில்லை. பல்லடத்தில் மச்சானின் கோழிப்பண்ணையில், யாருக்கும் சொல்லாமல் இன்னொரு நகல் வைத்திருந்திருக்கிறார்.

மயில் வந்தது. தலை, கழுத்து, தோகை எல்லாம் வந்தன. கால்கள் மட்டும் இல்லை.

"காலெங்கீங்க?" என்றேன்.

"இதுல எடம் பத்தலீங்க. அது வேற ஊட்ல இருக்குது. அவிங்க காவடி எடுத்துட்டுப் பழனிக்குப் போயிட்டாங்க."

"யாரு ஊடு? பூட்ட ஒடைச்சு எடுத்துக்கலாம்."

"சொன்னா அங்கயும் வந்து சுவிட்சத் திருப்பிப்போடுவீங்க."

பிழைத்திருந்த கம்ப்யூட்டரில் பிரிண்ட் எடுக்கலாம், வரைய முடியாது. மறுநாள் கால் இல்லாத மயிலையே நீட்டினேன். பார்ட்டி நெடுநேரம் பார்த்தார். மயில் மேகத்தில் மிதக்கிறது என்று சொல்லி ஆர்டர் கொடுத்தார். முதலாளி என்னைக் கட்டிப்பிடித்து, இனி எந்த மயிலுக்கும் கால் வரையாதே என்றார்.

பங்காளியை யாரும் கட்டிப்பிடிக்கவில்லை. பெரிய டிஸ்க் வந்தது. அவர் போய்விட்டார். போகும்போதும் கேட்டேன். "பத்திரமா இருக்குதுங்க" என்றார், அவ்வளவுதான்.

பங்காளி, ஊரறியக் கேட்கிறேன். என் மயிலின் கால்கள் எந்த வீட்டில்? இதே பத்திரிகையில், எல்லாரும் படிக்கிற மாதிரி பதில் எழுதுங்கள். எழுத வராதென்றால் நேரில் வந்து சொல்லுங்கள். வரும்போது கால்களை மறந்துவிட்டு வந்தாலும் பரவாயில்லை.