தீக்குச்சி செய்த பாவம்

டயர் கடை மாடியில் ஒருவர் மனிதர்களின் பாவத்தைத் தண்ணீரில் காட்டுகிறார் என்று செய்தி பரவியதும் ஊரில் யாருக்கும் வேறு வேலையே இல்லாமல் போய்விட்டது. விடிவதற்குள் வரிசை மாடிப்படியில் தொடங்கி, டயர் கடையைச் சுற்றிக்கொண்டு பேருந்து நிறுத்தம் வரை வந்துவிடும். பேருந்துக்காக நின்ற சிலர் தெரியாமல் இந்த வரிசையில் கலந்து, பாவிகளாகி இறங்கி வந்ததும் உண்டு.

அவரைக் கிண்ணத்தார் என்றார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஏதாவது காவல் நிலையத்தில் கிடைக்கலாம். அவர் முன்னால் வெள்ளைப் பீங்கான் கிண்ணம் ஒன்று இருக்கும். அதில் தண்ணீர் ஊற்றி, மேலே சாட்சித்தூள் என்ற கறுப்புப் பொடியைத் தூவுவார். வந்தவர் நட்டநடுவில் விரலை வைக்க வேண்டும். நல்ல கை என்றால் தூள் அசையாது. கெட்ட கை என்றால் அடித்துப் பிடித்துக்கொண்டு கிண்ணத்தின் ஓரத்துக்கு ஓடும். தூவும்போதெல்லாம் முன்வரிசை தும்மும். சில்லறைப் பாவங்கள் மூக்கு வழியாகவே போய்விடும் என்று அவர் சொல்லியிருந்ததால், தும்மல் வராதவர்களும் கஷ்டப்பட்டுத் தும்மினார்கள்.

கெட்ட கைக்கு மருந்தும் அவரிடமே இருந்தது. மூன்று வாரம் சோப்பையே தொடக் கூடாது. அவர் விற்கும் புட்டித் தண்ணீரில்தான் கையை நனைக்க வேண்டும். விலையைச் சொன்னால் உங்களுக்கு நெஞ்சு வலிக்கும், விடுங்கள். மூன்று வாரம் கழித்து வந்து விரல் வைத்தால் தூள் அசையாது. நிஜமாகவே அசையாது. இப்படி உத்தரவாதம் தரும் மருத்துவர் யாராவது உண்டா?

மாடி ஏறியதும் ஒரு கை கழுவும் தொட்டி. குழாயில் தண்ணீர் நூலாக வரும். பக்கத்தில் கிண்ணத்தாரின் மைத்துனர் நிற்பார். கசங்கிய சட்டை வந்தால், "நனைச்சா போதும், போங்க போங்க" என்பார். கைக்கடிகாரமும் பளபளக்கும் செருப்புமாக வந்தால், உள்ளங்கை நிறையச் சோப்பை ஊற்றி, "நல்லா தேய்ங்க. ஐயா முன்னாடி சுத்தமா நிக்கணும்" என்பார். ஆக, இல்லாதவர்கள் எல்லாம் நல்லவர்கள், இருப்பவர்கள் எல்லாம் பாவிகள் என்று தெரியவந்தது. இல்லாதவர்களுக்கு அதில் ஏக திருப்தி. இருப்பவர்களுக்கு மருந்து வாங்க வசதி இருந்தது. யாருக்கும் குறையில்லை.

இந்த வரிசையில்தான் மேஸ்திரியம்மா குடும்பத்தோடு வந்து நின்றார். அட்டைப்பெட்டி ஆலையில் ஐம்பது பேரை மேய்த்து ஓய்வு பெற்றவர். இப்போது மேய்க்க மகனும் மருமகளும் ஐந்து மாதப் பேரனும்தான் மிச்சம். பேரன் சாயங்காலமானால் வீறிட்டு அழுதான். ஐந்து மாதக் குழந்தைகள் அழுவது வழக்கம்தான் என்று மருமகள் சொல்லிப் பார்த்தாள். யார் கேட்டார்கள்?

மேஸ்திரியம்மா விரல் நுனியை நனைத்து முந்தானையில் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். மருமகள் பல் மருத்துவமனையில் உதவியாளர். சோப்பைப் பார்த்தால் முழங்கை வரை தேய்க்காமல் அவளால் இருக்க முடியாது. அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்து மைத்துனர் வேறு தாராளமாக ஊற்றினார்.

மாமியார் விரலுக்குத் தூள் அசையவில்லை. "பொன் கை" என்றார் கிண்ணத்தார். மருமகள் விரல் பட்டதும் தூள் எட்டுத் திசைக்கும் ஓடியது. கூட்டம் 'ஐயையோ' என்றது.

"இந்தக் கை குழந்தை மேல படக் கூடாதும்மா. மூணு வாரம்."

"அது நான் பெத்த குழந்தை ஐயா" என்றாள் மருமகள்.

"அதனாலதான் சொல்றேன். பொன் கையே பார்த்துக்கட்டும். பொன் கையிலயும் சோப்பு படக் கூடாது. ஒளி போயிடும்."

மகன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். மேஸ்திரியம்மாவுக்கோ பெருமை பிடிபடவில்லை. ஆலையில் அத்தனை வருஷம் உழைத்தும் இப்படி ஒரு பட்டம் கிடைத்ததில்லை.

அன்றிலிருந்து பேரனுக்குப் புட்டிப் பால். பொன் கை கலக்கியது, பொன் கை ஊட்டியது. அதே கை குப்பையைக் கொட்டியது, செருப்பைத் தட்டியது, தண்ணீரில் லேசாக நனைந்துவிட்டு மறுபடி புட்டியை எடுத்தது. அடுத்த அறையில் தாய்க்குப் பால் கட்டி ரவிக்கை நனைந்தது. குழந்தை அழும்போது கதவு வரை வருவாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பாள்.

இரண்டாவது வாரம் குழந்தைக்கு வயிற்றால் போகத் தொடங்கியது. மறுநாள் அழக்கூடத் தெம்பில்லை. மருத்துவமனையில் அந்தச் சின்னக் கையில் நரம்பு தேடி ஊசி ஏற்றினார்கள்.

"பால் யார் கலக்குறது?" என்று கேட்டார் டாக்டர்.

"நான்தான்."

டாக்டர் பொன் கையைத் திருப்பி நகத்தைப் பார்த்தார். "சோப்பு போட்டுக் கழுவுறீங்களா?"

"போடக் கூடாதுன்னு..."

"யார் சொன்னது? இன்னும் ஒரு நாள் விட்டிருந்தீங்கன்னா பிள்ளை தங்கியிருக்காது. இனிமே ஒழுங்கா கையைக் கழுவுங்க. அம்மா எங்க? வாங்க, பிள்ளையைத் தூக்குங்க."

மருமகள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். "வேணாம் டாக்டர். என் கை சரியில்ல."

அதைக் கேட்டதும் மேஸ்திரியம்மாவுக்கு அழுகை வந்துவிட்டது. இந்தப் பெண்ணைத் தன் கையைக் கண்டே பயப்பட வைத்தது தான்தான் என்று அவருக்குச் சுரீரென்று உறைத்தது.

மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தவர் முதலில் சோப்பை எடுத்து நகக்கண் வரை தேய்த்தார். வந்த கோபத்தில் முழங்கை பட்டு மிளகுத்தூள் டப்பா கவிழ்ந்தது. பாதித் தூள் பக்கத்தில் பிடித்து வைத்திருந்த பாத்திரத்துத் தண்ணீரில் கொட்டி மிதந்தது. மூக்கில் ஏறித் தும்மல் வந்தது. இந்தத் தும்மலை எங்கேயோ தும்மியிருக்கிறோமே என்று நினைத்துக்கொண்டே, டப்பாவை எடுக்கச் சோப்புக் கையைத் தண்ணீரில் விட்டார். தூள் எட்டுத் திசைக்கும் ஓடியது.

மேஸ்திரியம்மா டப்பாவை எடுத்து நிமிர்த்தினார். பிறகு தண்ணீரை மாற்றி மிளகுத்தூளைத் தூவினார். கையை அலசித் துடைத்து விரல் வைத்தார். தூள் அசையவில்லை. விரலில் சோப்பைத் தொட்டு வைத்தார். ஓடியது. "அட படுபாவி" என்றார். தன்னைச் சொன்னாரா கிண்ணத்தாரைச் சொன்னாரா என்று தெரியவில்லை.

மறுநாள் காலை மகனை இழுத்துக்கொண்டு மாடி ஏறினார். மடியில் ஒரு தீப்பெட்டியும் சோப்புத் துண்டும் இருந்தன.

"பொன் கை வந்திருக்கு" என்று கிண்ணத்தார் வரவேற்றார்.

"கை இருக்கட்டும் ஐயா. இன்னிக்கு வேற ஒருத்தருக்குப் பார்க்கணும்." ஒரு தீக்குச்சியை எடுத்துச் சோப்பில் தேய்த்துக் கிண்ணத்தில் வைத்தார். தூள் ஓடியது. "இந்தக் குச்சி என்ன பாவம் பண்ணுச்சு? யார் குடியைக் கெடுத்துச்சு?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். கிண்ணத்தார் அசரவில்லை. "குச்சியைப் பிடிச்சது உங்க கை. உங்க பாவம் அது வழியா இறங்குது."

"சரி, தண்ணியை மாத்துங்க."

மாற்றினார்கள். அதே பெட்டியிலிருந்து இன்னொரு குச்சி. சோப்பு தொடாதது. அதே கை பிடித்து வைத்தது. தூள் அசையவில்லை.

"கை அதேதான். இப்ப பாவம் எங்க போச்சு? டீ குடிக்கப் போயிடுச்சா?"

வரிசையில் நின்ற செருப்புக் கடைக்காரருக்கு முகம் சிவந்துவிட்டது. இரண்டு முறை புட்டி வாங்கியவர் அவர். "வாசல்ல சோப்பு ஊத்துறாரே, அவர் விரலை வைக்கச் சொல்லுங்க" என்றார்.

மைத்துனரைப் பிடித்து வந்தார்கள். நாளெல்லாம் சோப்பில் ஊறிய கை. விரல் பட்டதும் ஓடியது பாருங்கள் தூள், அப்படி ஓர் ஓட்டத்தை அந்தக் கிண்ணம் கண்டதில்லை.

"இவன் பாவிதான், எனக்கு முன்னாடியே தெரியும்" என்று கிண்ணத்தார் மைத்துனரைக் கைகழுவப் பார்த்தார்.

மைத்துனருக்கு ரோஷம் வந்துவிட்டது. "யாரு பாவி? செருப்பைப் பார்த்துச் சோப்பு ஊத்துடான்னு சொன்னதே நீங்கதானே மாமா?"

அதற்கப்புறம் நடந்ததை விவரிக்க வேண்டியதில்லை. புட்டிகள் உருண்டன. கிண்ணத்தார் ஓரத்தில் ஒதுங்கிய வேகம் மிளகுத்தூளுக்கே வராது.

விஷயம் இவ்வளவுதான். தண்ணீரின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று விடாமல் பிடித்துக்கொண்டிருக்கின்றன. மேற்பரப்பு அந்தப் பிடியில் விறைப்பாக நிற்கிறது, தூள் அதன் மேல் மிதக்கிறது. நடுவில் சோப்பு பட்டால் அங்கே பிடி தளர்கிறது. சுற்றியிருக்கும் தண்ணீர் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது, தூளும் கூடவே போகிறது. சோப்பு கலந்த தண்ணீரில் இந்த வித்தை மறுபடி பலிக்காது. அதனால்தான் ஒவ்வொரு பாவிக்குப் பிறகும் புதுத் தண்ணீர் ஊற்றினார்கள். படியிறங்கும்போது மகன் மெதுவாக, "இது பரப்பு இழுவிசைம்மா. ஸ்கூல்ல படிச்சிருக்கேன்" என்றான்.

"அப்புறம் ஏன்டா அன்னிக்குத் தரையைப் பார்த்துட்டு நின்ன?"

"பரீட்சைக்குப் படிச்சதும்மா."

மருத்துவமனையில் மேஸ்திரியம்மா ஒரு தம்ளர் தண்ணீரையும் மிளகுத்தூளையும் சோப்பையும் தீப்பெட்டியையும் வைத்து மருமகளுக்கு எல்லாவற்றையும் செய்து காட்டினார். மருமகள் தானும் ஒரு குச்சியை எடுத்து வைத்துப் பார்த்தாள்.

"அப்போ என் கையில ஒண்ணுமில்லையா அத்தை?"

"சோப்புதான்மா இருந்துச்சு. அழுக்கு என் கையில இருந்துச்சு. என்னை மன்னிச்சுடு. பிள்ளையைத் தூக்கு."

தூக்கினாள். குழந்தை அழுதது. நல்ல கையில் இருந்தாலும் ஐந்து மாதக் குழந்தைகள் அழத்தான் செய்யும்.

டயர் கடை மாடியில் இப்போது யாரோ உப்பை வைத்து எதிர்காலம் பார்க்க வரப்போவதாகப் பேச்சு. வரிசையில் இடம் பிடிக்க ஆட்கள் தயார். அவர்களுக்கு ஒரு வார்த்தை. தூள் ஓடியதை ஊரே பார்த்தது. ஏன் ஓடுகிறது என்று ஓர் ஆள் கேட்பதற்குள் ஒரு பச்சைக் குழந்தை ஊசிமுனை வரைக்கும் போய் வர வேண்டியிருந்தது. இந்த முறை அந்தக் கேள்வியைக் கீழ்ப்படியிலேயே கேளுங்கள்.