டாரதி சாப்பிடவில்லை

தொலைபேசி அடிக்க இன்னும் எட்டு நிமிடம் இருந்தது. டாரதியின் வாய்க்கு வெளியே எலியின் வால் இன்னும் நான்கு அங்குலம் இருந்தது.

"சீக்கிரம் முழுங்கு, தாயே. அவ போன் பண்ற நேரமாச்சு," என்றார் லெனார்ட்.

டாரதி அவசரப்படவில்லை. நாலரை அடி நீள மலைப்பாம்பு அது. தாடையை இந்தப் பக்கம் ஒருமுறை, அந்தப் பக்கம் ஒருமுறை நகர்த்தி, சாவகாசமாக எலியை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. அவர் மகள் பிரிட்டா பள்ளியில் படித்தபோது தன் கணக்கு டீச்சரின் பெயரை அதற்கு வைத்திருந்தாள். முகமும் கொஞ்சம் அந்த டீச்சரைப் போலத்தான் இருக்கும்.

சரியாக ஆறு மணிக்குச் சமையலறைச் சுவரில் தொலைபேசி அடித்தது. வால் இன்னும் உள்ளே போகவில்லை. லெனார்ட் ஒரு துண்டை எடுத்துக் கண்ணாடித் தொட்டியின் மேல் போட்டு மூடினார். டாரதி பார்த்துக்கொண்டிருந்தால் அவருக்குப் பொய் வராது.

"என்னப்பா, இன்னிக்காவது சாப்பிட்டாளா?"

"இல்லம்மா. மோந்து பாத்துட்டுத் திரும்பிப் படுத்துட்டா."

மறுமுனையில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. பிரிட்டா உட்காருகிறாள். அந்தச் சத்தத்துக்காகத்தான் லெனார்ட் வாரம் முழுவதும் காத்திருந்தார். அவள் உட்கார்ந்துவிட்டால் குறைந்தது அரை மணி நேரம்.

எல்லாம் அக்டோபரில் தொடங்கியது. பிரிட்டா சியாட்டிலில் ஓர் ஆஸ்பத்திரிப் பரிசோதனைக்கூடத்தில் வேலை கிடைத்துப் போனாள். அங்கே அவள் குடியிருக்கும் கட்டடத்தில் பாம்புக்கு அனுமதியில்லை. ஆகவே டாரதி சொந்த ஊரான துலூத்திலேயே, லெனார்ட்டின் வீட்டிலேயே தங்கிவிட்டது. மனைவி போய் ஆறு வருடம். இப்போது மகளும் போய்விட்டாள். முப்பத்தோரு வருடம் நகராட்சிக்குப் பனி தள்ளும் லாரி ஓட்டிய அந்த மனிதருக்குப் பேச்சுத்துணை என்று மிச்சமிருந்தது காதில்லாத ஒரு பிராணி.

ஞாயிறுதோறும் பிரிட்டா கூப்பிடுவாள். துலூத்தில் அப்பாக்கள் "உன்னைப் பாக்கணும்போல இருக்கு" என்று சொல்வதில்லை. காருக்கு ஆயில் மாற்றினாயா என்று கேட்பார்கள். மகள்கள் மாற்றிவிட்டேன் என்பார்கள். பிறகு இங்கே எவ்வளவு பனி, அங்கே எவ்வளவு மழை. நான்கு நிமிடத்தில் முடிந்துவிடும். கடிகாரத்தைப் பார்த்தே அவருக்கு அது தெரியும்.

மூன்றாம் வாரம் டாரதி தோலுரிக்கத் தயாராகிக்கொண்டிருந்ததால் எலியைத் தொடவில்லை. அதை அவர் யதார்த்தமாகச் சொன்னார். பிரிட்டா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். கண் வெளுத்திருக்கிறதா, தொட்டிக்குள் ஈரம் போதுமா, உறைந்த எலியை எப்படி இளக வைத்தாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். நாற்பத்தேழு நிமிடம். நடுவில் இரண்டு தடவை சிரித்தாள்.

அடுத்த வாரம் டாரதி சாப்பிட்டாள். லெனார்ட் சந்தோஷமாகச் சொன்னார். பிரிட்டாவும் சந்தோஷமாக, துணி துவைக்கணும்ப்பா என்று வைத்துவிட்டாள். மூன்று நிமிடம்.

அதற்கடுத்த வாரம் அவர் தொட்டியின் மேல் முதன்முதலாகத் துண்டைப் போட்டார்.

பொய் சுலபமாகத்தான் இருந்தது. பொய்க்குப் பிரிட்டா சொன்ன வைத்தியம்தான் சுலபமாக இல்லை. எலியின் தலையை ஹேர் டிரையரால் சூடாக்கிக் காட்டச் சொன்னாள். லெனார்ட்டின் வீட்டில் ஹேர் டிரையர் இல்லை. தலையில் அதற்கான முகாந்திரமும் இல்லை. செய்யாமலே செய்தேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவருக்கு ஒரு நேரத்தில் ஒரு பொய்யைத்தான் சமாளிக்க முடியும். எனவே பனியில் நடந்துபோய் ஒன்று வாங்கிவந்தார். வயிறு நிரம்பிப் படுத்திருந்த டாரதியின் முன்னால் இன்னொரு எலியின் தலைக்குச் சூடு காட்டினார். டாரதி நாக்கை ஒருமுறை நீட்டிவிட்டுத் தூங்கப் போனாள்.

"காட்டினேன்மா. பாக்கவே இல்ல," என்று அன்றைக்கு உண்மையையே சொன்னார். முப்பத்தொன்பது நிமிடம்.

அடுத்து எலியைக் கோழிச் சாற்றில் முக்கச் சொன்னாள். முக்கினார். அந்தப் பாத்திரத்தில்தான் அவர் தேவாலய விருந்துக்கு வருடாவருடம் சூப் வைத்துக் கொண்டுபோவார். இந்த வருடம் கொண்டுபோகவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம் முதுகுவலி என்றார்.

பிறகு எடை கேட்டாள். வாரா வாரம் வேண்டுமாம். அக்டோபரில் டாரதி ஆயிரத்து அறுநூற்றுப் பத்து கிராம். நிஜத்தில் அவள் வாரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு கிராம் ஏறிக்கொண்டிருந்தாள். லெனார்ட் வாரத்துக்கு இருபது கிராம் இறக்கிக்கொண்டிருந்தார். குழம்பிவிடக் கூடாதென்று அலமாரிக் கதவின் உட்புறம் இரண்டு தாள்களை ஒட்டிவைத்தார். ஒன்றின் தலைப்பு 'டாரதி'. மற்றதன் தலைப்பு 'பிரிட்டாவின் டாரதி'.

எலி வாங்குவது சனிக்கிழமைகளில், ஏரிக்கரைத் தெருவில் மார்வாவின் செல்லப்பிராணிக் கடையில். மார்வா அவரோடு பள்ளியில் படித்தவர். பிரிட்டா பள்ளி நாட்களில் மாலை வேலை பார்த்ததும் அங்கேதான். உயிருள்ள எலி கேட்டு யாராவது வந்தால், பதினாறு வயது பிரிட்டா அவர்களை வாசலிலேயே நிறுத்திப் பாடம் எடுப்பாள். அவள் இருந்த இரண்டு வருடமும் உயிர் எலி வியாபாரம் படுத்துவிட்டது என்று மார்வா பெருமையாகக் குறைப்பட்டுக்கொள்வார்.

"டாரதி எப்படி இருக்கா?" என்பார் மார்வா, உறைந்த எலியைக் காகிதத்தில் சுற்றியபடி.

"நல்லா சாப்பிடறா." மார்வாவிடம் பொய் சொல்ல அவருக்கு எந்தக் காரணமும் இல்லை.

டிசம்பரில் பிரிட்டா, தன் வாசனை இல்லாமல் டாரதி ஏங்குகிறாளோ என்னவோ என்றாள். மாடி அறை அலமாரியில் அவளுடைய பழைய ஊதா கம்பளிச் சட்டை இருக்கிறதாம். அதைப் போட்டுக்கொண்டு எலியைக் காட்டச் சொன்னாள்.

சட்டையின் கை அவர் முழங்கையோடு நின்றுவிட்டது. வயிறு பாதிதான் மூடியது. இடுக்கியில் எலியைப் பிடித்துக்கொண்டு ஊதாச் சட்டையில் ஜன்னலருகே நின்ற லெனார்ட்டைப் பக்கத்து வீட்டுக்காரர் பார்த்து, கையை உயர்த்தி வணக்கம் சொன்னார். லெனார்ட் எலியை உயர்த்திப் பதில் வணக்கம் சொன்னார். அதன்பிறகு இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை.

டாரதி சட்டையைக் கவனிக்கவில்லை. ஆனால் லெனார்ட் அதை உடனே கழற்றவில்லை. கழுத்துப் பட்டையில் இன்னும் அந்த ஆரஞ்சு சோப்பு வாசனை லேசாக இருந்தது. அதோடேயே காப்பி போட்டுக் குடித்தார், பாத்திரம் கழுவினார்.

ஜனவரியில், டிவியில் ஹாக்கி ஆட்டம் போட்டுவிட்டுத் தொட்டிக்குப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். நாம ரெண்டு பேரும் ஆட்டம் பாக்கும்போதுதானே அவளுக்குச் சாப்பாடு போடுவேன், அந்தப் பழக்கம்ப்பா, என்றாள். லெனார்ட் சோபாவின் வலது ஓரத்தில் உட்கார்ந்தார். இடது ஓரத்தில் பிரிட்டாவின் இடத்தைப் பழக்கத்தால் காலியாக விட்டிருந்தார். உள்ளூர் அணி கோல் போட்டபோது அந்தப் பக்கம் திரும்பினார். பிறகு டாரதியிடம் சொன்னார்.

பிப்ரவரியில் பிரிட்டாவின் வைத்தியங்கள் தடுமாற ஆரம்பித்தன. தொட்டியை அரை அடி கிழக்கே நகர்த்தச் சொன்னாள். இடதுகையால் காட்டச் சொன்னாள். அழைப்புகள் இருபது நிமிடத்துக்கு இறங்கின. கடிகாரம் மறுபடியும் நான்கு நிமிடத்தை நோக்கிப் போகிறது என்று லெனார்ட்டுக்குப் புரிந்தது. அன்று மாலை, தயாரித்து வைத்திருந்த ஒரு வாக்கியத்தை எடுத்துவிட்டார்.

"உயிரோட ஒரு எலி விட்டுப் பாக்கட்டுமாம்மா?"



"அப்பா. நீயா பேசறே?"

"இல்ல, காட்டுல யாரு அதுக்கு எலிய வெந்நீர்ல போட்டுத் தர்றாங்க..."

"காட்டுல ஓடறதுக்கு எலிக்கு இடமிருக்கு. கண்ணாடிப் பெட்டிக்குள்ள அது எங்க போகும்? பயந்தா கடிக்கும். என்னோட மொதல் பாம்புக்கு எப்படி ஒரு கண்ணு போச்சு? மறந்துட்டியா?"

லெனார்ட் மறக்கவில்லை. பத்து நிமிடம் பார்க்காமல் விட்டதில் எலி கடித்துவிட்டது. பதின்மூன்று வயது பிரிட்டா இரண்டு நாள் சாப்பிடவில்லை. செத்த எலி திருப்பிக் கடிக்காது, கிருமி குறைவு, எலிக்கும் கடைசி நேரப் பயம் கிடையாது என்று பிரிட்டா அடுக்கிக்கொண்டே போனாள். பதினாறு வயதில் கடை வாசலில் எடுத்த அதே பாடம், அதே வரிசை. லெனார்ட் கண்ணை மூடிக்கொண்டு பிரசங்கம் கேட்பதுபோலக் கேட்டார். அவள் ஓயும்போதெல்லாம் "அப்படியும் இயற்கைன்னு ஒண்ணு..." என்று ஒரு விறகை எடுத்துப் போட்டார். ஒரு மணி இருபத்திரண்டு நிமிடம்.

அந்தச் சுகத்தில் அவர் சறுக்கினார். அடுத்த வாரமும் விவாதம் நடக்க வேண்டுமே. சனிக்கிழமை மார்வாவின் கடையில் வழக்கமான உறைந்த எலியோடு உயிருள்ள எலி ஒன்றும் கேட்டார். மார்வா அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"எதுக்கு?"

"சும்மா. வீட்ல இருக்கட்டும்."

டாரதியின் தொட்டியில் அதை விட அவருக்கு எண்ணமே இல்லை. மாடியிலிருந்த பழைய மீன்தொட்டியில் மரத்தூள் பரப்பி விட்டார். வீட்டில் உயிர் எலி இருக்கிறது என்று பிரிட்டாவிடம் சொன்னார். ஒரு மணி ஐந்து நிமிடம். புதன்கிழமை காலை எலி பதினொரு குட்டி போட்டிருந்தது.

இதை அவர் பிரிட்டாவிடம் சொல்லவில்லை. ஆனால் அந்த ஞாயிறு அவர் வாயைத் திறப்பதற்குள்ளேயே அவள் சொல்லிவிட்டாள்.

"நான் வெள்ளிக்கிழமை வரேன்ப்பா. டாரதிய நானே பாக்கறேன்."

லெனார்ட் "அப்படியா, பனி ஜாஸ்தியா இருக்கு, பாத்து வா," என்றார். போனை வைத்தபின் சமையலறையிலேயே இரண்டு சுற்றுச் சுற்றி வந்தார். மாடிக்குப் போய் அவள் கட்டிலுக்குப் புது விரிப்புப் போட்டார். போட்டு முடித்த பிறகுதான் அலமாரிக் கதவின் உட்புறம் ஞாபகம் வந்தது.

டாரதி, ஆயிரத்து எழுநூற்று எண்பத்தாறு. பிரிட்டாவின் டாரதி, ஆயிரத்து இருநூற்றுத் தொண்ணூறு. நடுவில் அரைக்கிலோ இருந்தது.

பட்டினி போடலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தார். தொட்டியைப் பார்த்ததும் வெட்கமாகிவிட்டது. ஐந்து மாதம் தனக்குத் துணை நின்ற ஜீவன். தராசைக் கெடுக்கலாமா என்றும் பார்த்தார். கெட்ட தராசு டாரதியை மூன்று கிலோ காட்டியது. பிரிட்டாவுக்கு உண்மை தெரிந்துவிட்டால்? கோபத்தில் டாரதியை வேறு யாருக்காவது கொடுத்துவிட்டால், ஞாயிற்றுக்கிழமைகளில் பேசுவதற்கு என்ன இருக்கும்? காருக்கு ஆயில்தான்.

வியாழக்கிழமை மத்தியானம், பன்னிரண்டு எலிகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்துக்கொண்டு மார்வாவின் கடைக்குப் போனார். கடையில் வேறு யாரும் இல்லை. டப்பாவை மேசைமேல் வைத்தார். மூடியில் ஓட்டைகள் போட்டிருந்தன.

"மார்வா, ஒரு உதவி. இதே ரகத்துல, இதே மாதிரி புள்ளி போட்ட, ஆனா மெலிஞ்ச பாம்பு ஒண்ணு இரவல் கிடைக்குமா? ரெண்டு நாளைக்குப் போதும்."

"மெலிஞ்சதா."

"அரைக்கிலோ குறைச்சலா இருந்தா ரொம்ப நல்லது."

மார்வா கேட்காமலே லெனார்ட் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். துண்டு, ஹேர் டிரையர், ஊதாச் சட்டை, இரண்டு தாள்கள், நாற்காலி இழுபடும் சத்தம். அவர் வாழ்நாளில் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியதில்லை. கடைசியாக, தொப்பியைக் கையில் பிடித்துத் திருகிக்கொண்டே, "அவகிட்ட மட்டும் சொல்லிடாதே. அவ பாவம், அஞ்சு மாசமா எவ்ளோ கவலைப்பட்டுட்டு இருக்கா," என்றார்.

மார்வா டப்பாவின் மூடியைத் திறந்து குட்டிகளை எண்ணினார். மூடியைத் திரும்ப வைத்தார்.

"லெனார்ட், ஒவ்வொரு திங்கக்கிழமையும் கடை திறந்ததும் உன் பொண்ணு போன் பண்ணி, 'அப்பா இந்த வாரம் எத்தனை எலி வாங்கினார்'னு கேட்டுட்டு, சிரிச்சுட்டு வெச்சுடுவா; இந்தத் திங்கக்கிழமை, 'சொல்றதுக்கு இனிமே வைத்தியமே மிச்சமில்ல மார்வா, அதான் நேர்லயே வந்துடறேன்'னா."