நான் திரும்பி வருவேன் என்பதற்கு யாரும் ஜாமீன் இல்லை

என்னைப் பார்த்தால் ஓடிப்போகிறவன் மாதிரி இருக்கும் என்பது முப்பது வயது வரை எனக்கே தெரியாது. மதுரை கே.கே. நகரில் ஒரு தனியார் பள்ளியில் இயற்பியல் வாத்தியார். பள்ளி விட்டால் வீடு, வீடு விட்டால் பள்ளி. வெளியூரில் இரண்டு நாள் சேர்ந்தாற்போல் தங்கினால் வயிறு கெட்டுவிடும். இப்படிப்பட்டவன் வெளிநாடு போனால் திரும்பி வருவானா என்று ஓர் அரசாங்கமே சந்தேகப்பட்டது. எந்த நாடு என்று சொல்லப் போவதில்லை. (இன்னொரு தடவை விண்ணப்பிக்கும் எண்ணம் இருக்கிறது.)

அக்கா அந்த நாட்டில்தான் இருக்கிறாள். முதல் பிரசவம். ஆபரேஷன் ஆனாலும் ஆகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்பா இல்லை. அம்மா தனியாகத் திருச்சியைத் தாண்டியதில்லை. ஆகவே நான் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு, மூன்று வாரம் இருந்து திரும்புவது, அம்மா மூன்று மாதம் கழித்து வருவது என்று முடிவானது.

விசாவுக்கு என்னவெல்லாம் வேண்டும் என்று இணையத்தில் தேடினேன். சொந்த நாட்டோடு நமக்கு இருக்கும் பிணைப்பை நிரூபிக்க வேண்டுமாம். நான் வாத்தியார். நிரூபி என்று சொல்லிவிட்டால் விடுவேனா? ஒரு பெரிய ஃபைல் வாங்கினேன்.

முதலில் வேலை. விடுப்புக் கடிதம் கேட்டுத் தலைமையாசிரியை முன்னால் போய் நின்றேன்.

"மூணு வாரமா சார்?" என்றார், கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே. "முன்னாடி இருந்த கெமிஸ்ட்ரி சாரும் மூணு வாரம்னுதான் சொன்னாரு. இப்ப அங்க கடையில பில் போடுறாராம்."

"நான் வந்துருவேன் மேடம்."

"வாங்க, வாங்க. எதுக்கும் தேதி போடாம ஒரு ராஜினாமா கடிதம் எழுதிக் குடுத்துட்டுப் போங்க. சும்மா, ஒரு பேச்சுக்கு."

எழுதிக் கொடுத்தேன். (ஒரு பேச்சுக்குத்தானே என்று நினைத்துக் கையெழுத்தும் போட்டேன்.)

அடுத்து நிலம். கொட்டாம்பட்டிப் பக்கம் அப்பா வழியில் அரை ஏக்கர் கடலைக்காடு, சித்தப்பாவோடு கூட்டுப் பட்டாவில் இருக்கிறது. பட்டா நகல் வேண்டும் என்று கேட்டதும் சித்தப்பா மம்பட்டியைக் கீழே போட்டார்.

"எவன்கிட்ட பேசி முடிச்ச?"

"விக்கிறதுக்கு இல்ல சித்தப்பா. விசா ஆபீஸ்ல காட்டணும்."

"வெள்ளைக்காரன் எதுக்குடா நம்ம கடலைக்காட்டைப் பாக்கணும்?"

நியாயமான கேள்வி. அன்று முழுக்க அவர் என் பைக்கின் பின்னால் உட்கார்ந்து கூடவே வந்தார். ஜெராக்ஸ் கடையில் எத்தனை பிரதி எடுக்கிறேன் என்று எட்டிப் பார்த்து எண்ணினார்.

மிச்சம் இருந்தது குடும்பம். அங்கேதான் இடித்தது. "கல்யாணம் ஆகலையா?" என்று டிராவல்ஸ்காரர் உதட்டைப் பிதுக்கினார். "பொண்டாட்டி இங்க இருந்தாத்தான் சார் நீங்க திரும்பி வருவீங்கன்னு நம்புவாங்க. பேசி வச்சிருக்குற இடம் ஏதும் இருந்தா, பொண்ணு வீட்டுல ஒரு லெட்டராவது வாங்குங்க."

இடம் இருந்தது. டி. கல்லுப்பட்டி. பெண் பெயர் கலைச்செல்வி, அங்கே கூட்டுறவு வங்கியில் வேலை. இரண்டு வீட்டிலும் பேசியாகிவிட்டது, பூ வைக்கவில்லை. அவள் அப்பா பத்திரப்பதிவு அலுவலகத்தில் முப்பது வருடம் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். அடுத்தவன் கையெழுத்தை நம்பாமல் இருப்பதற்குச் சம்பளம் வாங்கியவர். என்னை அதுவரை 'தம்பி' என்றுதான் கூப்பிட்டார். 'மாப்ள' என்ற வார்த்தையைக் கவனமாக நிறுத்தி வைத்திருந்தார்.

விஷயத்தைச் சொன்னேன். வெகுநேரம் என் செருப்பையே பார்த்தார்.

"என்ன தம்பி இது, கல்யாணத்துக்கு முன்னாடி வெளிநாடு?"

"மூணே வாரந்தான் சார். திரும்பி வந்துருவேன்."

"அதை நீங்க சொல்றீங்க."

காபி கொண்டுவந்த கலைச்செல்வி எனக்காகப் பரிந்து பேசினாள். "அப்பா, இவரு திருமங்கலத்துல பஸ் மாறுறதுக்கே மூணு தடவை எனக்கு போன் பண்ணி வழி கேட்டாரு. இவரு எங்க போயி ஓடப் போறாரு?"

அவர் நிமிர்ந்தார். "போன்லாம் பேசிக்கிறீங்களா?"

அந்தக் காபியை நான் எப்படிக் குடித்தேன் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். இருந்தாலும் ஒரு வாரத்தில் கடிதம் தந்தார், நாலு பக்கமும் பசை தடவி ஒட்டிய கவரில். "இங்கிலீஷ்லயே எழுதிட்டேன். ஆபீசருக்கு எழுதுனது. ஆபீசர்தான் பிரிக்கணும்" என்றார். மாமனார் ஆகப் போகிறவர் சொன்ன பிறகு நான் எப்படிப் பிரிப்பேன்?

நேர்காணல் சென்னையில். போகிற ரயிலில் அம்மாவுக்குப் பாடம் நடத்தினேன். "கேட்டா மட்டும் பதில் சொல்லு. ஒரே வரி. அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசக் கூடாது." அம்மா தலையாட்டினாள்.

வாசலில் காவலர் ஃபைலைத் துழாவிவிட்டு, ஒட்டிய கவர் உள்ளே போகக் கூடாது என்றார். பின்னால் வரிசை நெருக்கியது. கவரைக் கிழித்து, கடிதத்தைப் படிக்காமலேயே ஃபைலின் மேலே செருகினேன். என் வாழ்க்கையில் நான் படித்திருக்க வேண்டிய ஒரே கடிதம் அதுதான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு வெளிநாட்டு இளம்பெண். ஆச்சரியம், தமிழ் பேசினார். பாடப்புத்தகத் தமிழ்.

"வணக்கம். நீங்கள் எதற்காகப் போகிறீர்கள்?"

"கண்டிப்பா திரும்பி வந்துருவேன் மேடம்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "நான் அதைக் கேட்கவில்லை."

பேச்சை விட்டு ஆதாரத்துக்குத் தாவினேன். மூன்று கிலோ ஃபைலிலிருந்து கைக்கு வந்த முதல் தாளை உருவி, கண்ணாடிக்குக் கீழே தள்ளினேன்.

அவர் படித்தார். மறுபடி படித்தார். "இவர் உங்களுக்கு யார்?"

"மாமனார். அதாவது, ஆகப் போறவரு."

"நீங்கள் திரும்பி வருவீர்கள் என்று இவர் நம்புகிறாரா?"

"ரொம்ப நம்புறாரு மேடம்."

தாளைத் திருப்பிக் கண்ணாடியில் ஒட்டினாற்போல் காட்டினார். பத்திரப்பதிவு இங்கிலீஷில் இருந்ததன் சாரம் இது: 'மேற்படி நபரின் நடத்தை இதுவரை நான் விசாரித்த அளவில் திருப்திகரமாக உள்ளது. அவர் திரும்பி வந்தால், அந்தத் தேதியிலிருந்து என் மகளின் திருமணம் பரிசீலிக்கப்படும். அவர் திரும்பி வருவார் என்பதற்கு நான் எவ்விதத்திலும் ஜாமீன் இல்லை.'

அந்தப் பெண் அம்மா பக்கம் திரும்பினார். "அம்மா, நீங்கள் திரும்பி வருவீர்களா?"

ஒரே வரி என்று நான் நடத்திய பாடம் அந்த இடத்தில் காற்றில் போனது.

"வராம? மூணு மாசத்துக்கு மேல இவனை யாரு பாக்குறது? வெந்நி போட்டா அடுப்பை அணைக்க மாட்டான். துண்டு கொடியில கெடக்கும், வீடு பூரா தேடுவான். முப்பது வயசும்மா. இவனை நம்பி எம்புட்டு நாளைக்கு வீட்டை விட்டுட்டு இருக்க முடியும்?"

"ஆனால் இவரும் உங்களோடு வருகிறாரே?" என்றார் அந்தப் பெண். "பிறகு நீங்கள் ஏன் திரும்ப வேண்டும்?"

அம்மா யோசித்தாள். என்னைப் பார்த்தாள். சந்தையில் கத்தரிக்காயைத் திருப்பிப் பார்ப்பாளே, அந்தப் பார்வை.

"அப்ப இவன் இங்கயே இருக்கட்டும்" என்றாள்.

அந்தப் பெண் முதல் முறையாகச் சிரித்தார். அம்மாவின் பாஸ்போர்ட் உள்ளே போனது. என்னுடையது ஒரு துண்டுச் சீட்டோடு என்னிடமே திரும்பி வந்தது.

வெளியே வந்து, "ஏம்மா அப்படிச் சொன்ன?" என்றேன்.

"அந்தப் பிள்ளை கேட்டது சரிதானே? ரெண்டு பேரும் போயிட்டா சந்தேகம் வரத்தான் செய்யும்." கொஞ்ச தூரம் நடந்த பிறகு குரல் மாறியது. "அங்க உங்க அக்கா பயந்து போயிக் கெடக்கா. ஒருத்தராவது போகணும்ல."

சொன்ன பிறகுதான் தனியாகப் போக வேண்டும் என்பது அவளுக்கே உறைத்திருக்க வேண்டும். ரயிலில் மதுரை வரை என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டே வந்தாள். ஆனால் போனாள். இங்கிலீஷில் நான் எழுதிக் கொடுத்த அட்டையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, இரண்டு விமானம் மாறி, அக்கா ஆபரேஷனுக்கு உள்ளே போவதற்கு முந்தின நாள் போய்ச் சேர்ந்தாள். பெண் குழந்தை. இரண்டு பேரும் சௌக்கியம் என்று போன் வந்தபோது, வீடு பூராவும் துண்டைத் தேடிக்கொண்டிருந்தேன். கிடைக்கவில்லை. சட்டையில் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

எனக்கு விசா மறுக்கப்பட்ட செய்தி எட்டிய மறுநாளே டி. கல்லுப்பட்டியிலிருந்து ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு கலைச்செல்வியின் அப்பாவே வந்துவிட்டார். வாசலிலேயே கையைப் பிடித்தார்.

"வாங்க மாப்ள! இனிமே ஒரு சந்தேகமும் இல்ல. எப்ப பூ வைக்கலாம்?"

(என் வீட்டு வாசலில் நின்றுகொண்டு என்னையே வாங்க என்றார். நானும் வந்தேன்.)

அம்மா சொன்ன தேதிக்குத் திரும்பினாள். கல்யாணம் நடந்தது. அக்காவால் வர முடியவில்லை. அக்கா மகளுக்கு என்னை போன் திரையில்தான் தெரியும். "இது யாரு?" என்று அவள் கேட்டபோதெல்லாம் அக்கா, "நீ பொறந்தப்ப வர்றேன்னு சொல்லிட்டு வராத மாமா" என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் அதுவே என் பெயராகிவிட்டது. கலைச்செல்வியும் வீட்டில் அப்படித்தான் கூப்பிடுகிறாள்.

போன வருடம் அந்தக் குழந்தை முதல் முறையாக மதுரைக்கு வந்தது. நாலு வயது. விமான நிலைய வாசலில் மாலையோடு நின்றேன். கிட்டே வந்து, என்னை மேலிருந்து கீழே பார்த்தாள்.

"நீதான் வராத மாமாவா?"

"ஆமாடா கண்ணு."

அவள் நம்பவில்லை. அக்காவின் போனை வாங்கினாள். அதிலிருந்த என் படத்தையும் என் முகத்தையும் மாறி மாறி இரண்டு தடவை சரிபார்த்தாள். அதற்குப் பிறகுதான் கையைக் கொடுத்தாள்.